ஒப்பாரிக் கோச்சியின் மறுமுனை: 2021 மார்ச் மாதப் பாடல்கள் குறித்துச் சில கருத்துகள்

புதிதாக வெளிவரும் பாடல்களை மாதந்தோறும் எடைபோடுவது பத்திரிகைகளின் பொழுதுபோக்குப் பக்கங்களுக்குரிய வேலை என்ற எண்ணம் எமது ஆய்வுலகில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. நாட்டார் பாடல் ஆய்வுக்குரியது. கர்நாடக இசை இரசனைக்குரியது. சந்தைக்கு வரும் பாட்டு இவ்விரண்டுக்கும் புறம்பானது என்னும் இப்பாகுபாடு, சமுதாயத்தின் பெரும்பகுதியினர் நாள்தோறும் எதனைக் கேட்கிறார்களோ அதனையே ஆய்வின் எல்லைக்கு அப்பால் நிறுத்திவிடுகிறது. இதன் போதாமையை உணர்த்துவதற்கு 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்றே போதும். அம்மாதம் 5ஆந் திகதி, இலங்கையின் தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளமாக ஆயிரம் ரூபாய் (அடிப்படைச் சம்பளம் 900, வரவுசெலவுத் திட்டப் படி 100) வழங்கப்பட வேண்டுமென்ற வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. பல ஆண்டுகள் தெருவில் நின்று கேட்ட தொகை அது. இரண்டு நாள் கழித்து, 7ஆந் திகதி, அதே தோட்டங்களில் உழைத்துப் பின்னர் தமிழகத்துக்கு அனுப்பப்பட்ட மூதாட்டி ஒருவரின் பெயரைச் சொல்லிப் பாடும் பாடலொன்று யூடியூப் வழியே உலகெங்கும் பரவத் தொடங்கிற்று. ‘என்ஜாய் எஞ்சாமி’ என்பது அதன் பெயர். கொழும்பிலே இவ்விரு செய்திகளையும் ஒன்றாகப் பேசியோர் மிகச் சிலரே.

முதலில் அம்மாதத்தின் ஏனைய பாடல்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ திரைப்படம் ஏப்ரல் 9இல் திரைக்கு வந்தது; அதன் பாடல்கள் பெப்ரவரி நடுப்பகுதி தொட்டு ஒவ்வொன்றாக வெளியிடப்பட்டன. கிடாக்குழி மாரியம்மாள் பாடிய ‘கண்டா வரச் சொல்லுங்க’ முன்னரே வந்து பலரை உலுக்கியிருந்தது. மார்ச் 2இல் தேவா பாடிய ‘பண்டாரத்தி புராணம்’ வந்தது. பாடலின் தலைப்பும் சில சொற்களும் தம்மை இழிவுபடுத்துகின்றன என ஒரு சமூகத்தார் நீதிமன்றம் சென்றதன் பின்னர் அது ‘மஞ்சனத்தி புராணம்’ ஆயிற்று. ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நின்று பாடுவதாகக் கருதும் கலைஞன், தன்னைப் போலவே வலியறிந்த இன்னொரு சமூகத்தின் முன் பதில்சொல்ல நேர்ந்த இச்சம்பவம், சாதியமைப்பின் அடுக்குமுறையை நூறு பக்கக் கட்டுரையினும் தெளிவாகக் காட்டுகிறது. பெயர் மாற்றத்தால் பாட்டு எதனையும் இழக்கவில்லை என்பதே எமது எண்ணம். சென்னைத் தெருவோரக் கானாவைத் திரைக்குக் கொண்டுவந்த தேவாவின் முதிர்ந்த குரல், தென்பாண்டிக் கிராமமொன்றின் கதையைச் சொல்ல வரும்போது ஏற்படும் சிறு அந்நியத் தன்மையும் பாட்டுக்கு நன்மையே செய்கிறது. 11ஆந் திகதி வந்த ‘தட்டான் தட்டான்’ இனிய காதற்பாட்டு. அதற்கு மேல் சொல்வதற்கில்லை. தீ பாடிய ‘உட்ராதீங்க யப்போவ்’ பாட்டைக் காட்டிலும் அறைகூவல் என்னும் பெயருக்கே பொருத்தமானது. படத்தின் உச்சத்தோடு பிணைந்த அது தனித்துக் கேட்கையில் மூச்சிரைக்கிறது.

இப்பாடல்கள் அனைத்துக்கும் இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன். ‘எஞ்சாமி’யின் தயாரிப்பும் அவருடையதே. ஒரே மாதத்தில், ஒரே இசைப்பட்டறையிலிருந்து, ஒப்பாரி, கானா, கிராமியத் தெம்மாங்கு, றப் என வெவ்வேறு வகைகளின் பெயரால் வந்தவை இவை. இசைவகைகள் இன்று சமூகக் குழுக்களின் உடைமைகளாக இருப்பதைவிட ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் தட்டுகளில் அடுக்கப்பட்ட பொருள்களாகவே இருக்கின்றன என்று இதனைக் குறைகூறுவது எளிது. ஆனால் அத்தட்டில் எது வைக்கப்பட்டது, யாருடைய வீட்டிலிருந்து அது எடுக்கப்பட்டது என்று கேட்பதே திறனாய்வின் கடன்.

‘எஞ்சாமி’யை எழுதியவர் அறிவு, அவரும் தீயும் பாடினர். அறிவு தமிழகத்தின் அரக்கோணத்தைச் சேர்ந்தவர். நிலமற்ற உழைப்பாளராயிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்று, மீண்டும் தமிழகத்துக்குத் திரும்பிய குடும்பம் அவருடையது. பாட்டியின் பெயர் வள்ளியம்மாள். தீ ஈழத்தமிழ்ப் பின்புலம் கொண்டவர், ஆஸ்திரேலியாவிலே வளர்ந்தவர். பாடலை வெளியிட்ட ‘மாஜா’ நிறுவனம் ஏ. ஆர். ரஹ்மானின் ஆதரவுடன் கனடாவாழ் தமிழர்களால் தொடங்கப்பட்டது. இலங்கைத் தமிழ்ச் சமுதாயத்தின் இருவேறு புலம்பெயர்வுகள், அதாவது 1964இன் ஒப்பந்தத்தால் தள்ளப்பட்டோரின் பெயர்வும் அதன்பின் போரினாலும் வாய்ப்புத் தேடியும் மேற்கே சென்றோரின் பெயர்வும், இங்கே ஒரு பாட்டுக்குள் சந்தித்துக்கொள்கின்றன. இலங்கைக்குள் வாழ்ந்தபோது இவ்விரு பகுதியினரும் ஒரே மேசையில் அமர்ந்ததில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

தலைப்பே ஒரு முரண். முதற்சொல் சந்தைக்குரியது, குளிர்பானப் போத்தல்களோடும் சுற்றுலா விளம்பரங்களோடும் எமக்கு அறிமுகமானது. இரண்டாவது சொல்லோ பன்முகங்கொண்டது. கூலியாள் நிலவுடைமையாளனைச் ‘சாமி’ என விளித்தான்; தோட்டத்திலே துரையின் முன்னும் அச்சொல் தலைகுனிந்து நின்றது. அதே சொல்லைக் கொண்டுதான் பாட்டி தன் பேரனை மடியில் இருத்திக் கொஞ்சினாள். பணிவின் சொல்லாகவும் பாசத்தின் சொல்லாகவும் ஒருங்கே வாழ்ந்த அவ்விளியை, அடிமைத்தனத்தின் வாடை போக்கிப் பாசத்தின் பக்கம் மீட்டெடுத்தமையே இப்பாடலின் தலையாய கவித்துவச் சாதனை எனக் கூறலாம்.

இசையமைப்பிலும் ஒரு திட்டம் தெரிகிறது. குயிலின் கூவலை ஒத்த ஒலிக்குறிப்போடு தீயின் குரல் தொடங்குகிறது. குழந்தைப் பாட்டின் எளிமை அதற்குண்டு. அறிவின் பகுதி வந்ததும் தோற்கருவிகளின் அடிப்பு முன்னுக்கு வருகிறது. சொற்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. முன்னோர், காடு, நாய், கோழி, ஏர் பிடித்த மண் என அவர் அடுக்கிச் செல்லும் முறை றப் இசையின் விரைவுக்கு இயைந்தது. அதேவேளை கூத்தின் கட்டியகாரன் வரவுரைக்கும் முறையையும் எமக்கு நினைவூட்டுகிறது. பிற்பகுதியில் தாளம் சற்றே பின்வாங்க, ஒப்பாரியின் இழுவை வந்து சேர்கிறது. அந்த இடத்திற்றான் பாட்டின் உயிர் இருக்கிறது. அதுவரை ஆடிக்கொண்டிருந்தவன் தான் ஆடியது ஓர் இழவு வீட்டு முற்றத்தில் என்பதை அப்போதே அறிகிறான். அறிந்த பின்னும் ஆட்டம் நிற்பதில்லை. எமது மரபிலும் சாவு வீட்டில் பறையும் ஆட்டமும் உண்டல்லவா?

ஒப்பாரி என்பது இறந்தவரை முன்னிட்டுப் பெண்கள் பாடுவது. ஆயினும் மலையகத்தில் அது உயிரோடிருப்போரை முன்னிட்டும் பாடப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்தனர். ஏறுவோரும் வழியனுப்புவோரும் கட்டியணைத்து அழுத அழுகையே அதற்கு அப்பெயரை ஈட்டிற்று. மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுதியொன்றுக்கு அப்பெயரையே இட்டார். புகையிரதம் புறப்பட்ட முனையிலிருந்து எழுந்த இலக்கியம் எம்மிடம் உண்டு. அது போய்ச் சேர்ந்த முனையில், இரண்டு தலைமுறை கழித்து, ஒரு பேரன் பாடிய பாட்டு ‘எஞ்சாமி’. அதனை இவ்வாறு கேட்கும்போதுதான் அதன் ஒப்பாரிப் பகுதி வெறும் நாட்டார் அலங்காரம் அன்று என்பது புலனாகும்.

இடதுசாரிகளாகிய நாம் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்தமை எமது பெருமைக்குரிய வரலாறு. ஆனால் 1964 ஒக்டோபரில் அந்த ஒப்பந்தம் கைச்சாத்தானபோது லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அமைச்சரவையில் அமர்ந்திருந்தது. உலகின் எந்தப் பாட்டாளி வர்க்கத்தைப் பற்றியும் நுட்பமாகப் பேசத் தெரிந்த ஓர் இயக்கம், தன் நாட்டின் ஆகப் பெரிய பாட்டாளித் தொகுதி கணக்கேடு போலப் பங்கிடப்பட்டதைத் தடுக்கவில்லை. ‘எஞ்சாமி’யின் ஒப்பாரியில் எமக்குரிய பழியும் கலந்திருக்கிறது.

இனி அதன் குறைபாடு. யோர்ச் தொம்சன், ‘மார்க்சியமும் கவிதையும்’ என்ற தமது நூலில், பாட்டின் தாளம் கூட்டு உழைப்பின் அசைவிலிருந்து கிளைத்தது என்னும் கருத்தை எடுத்துரைத்தார். கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் வழியே அது எமது திறனாய்விலும் வேர்கொண்டது. மலையகத்தின் தாளம் எத்தகையது? விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைக்கத் தப்பு அடிக்கப்பட்டது. திருவிழாவிலும் காமன் கூத்திலும் மகிழ்ச்சியாய் ஒலித்த அதே கருவி, தோட்ட நிர்வாகத்தின் கடிகாரமாகவும் இருந்தது. கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் அக்கடிகாரத்தின் இடைவெளிகளிலேயே பிறந்தன. ‘எஞ்சாமி’யில் இந்த முரண் இல்லை. தப்பொலி அங்கே விடுதலையின் ஒலியாக மட்டுமே வருகிறது. கங்காணியும், கொழுந்துக் கூடையும், தராசும், லயமும் கண்ணுக்கெட்டாத் தொலைவில் நிற்க, முன்னோர் விட்டுச்சென்ற வளமான பொது நிலம் ஒன்று பாட்டின் நடுவே விரிகிறது. நிலமற்றவர் தம் கனவில் காணும் நிலம் அது. அக்கனவுக்கு நாம் மதிப்பளிக்கிறோம். எனினும் எவர் அந்நிலத்தைப் பறித்தார் என்பது பாட்டிற் சொல்லப்படாமையால், இயற்கை நேயம் என்னும் பொதுப் பெயரில் எவரும் அதனைச் சொந்தங் கொண்டாட முடிந்தது. தேயிலைக் கொம்பனியின் பங்காளர் ஒருவர்கூட மனச்சங்கடமின்றி அப்பாட்டுக்குத் தலையசைக்கலாம்.

கொழும்பிலே இப்பாடல் கேட்கப்பட்ட முறையும் கவனத்துக்குரியது. வெள்ளவத்தையின் காலி வீதிக் கடைகளிலும் திருமண மண்டபங்களிலும் அது ஒலித்தது. கொட்டாஞ்சேனையின் முச்சக்கரவண்டிகளிலும் ஒலித்தது. பாட்டு ஒன்றுதான், கேட்போர் ஒருவரல்லர். வெள்ளவத்தை நீண்டகாலமாக யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் கொழும்பு முகவரி. கொட்டாஞ்சேனையோ துறைமுகத் தொழிலாளரும் சிறு வணிகரும் மலையகத்திலிருந்து இறங்கிவந்தோரும் நெருங்கி வாழும் பகுதி. வெள்ளவத்தைச் சைவக் கடையில் மேசைக்குத் தேநீர் கொண்டுவரும் இளைஞர்களில் பலர் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அப்பாட்டு ஒலிக்கும்போது தேநீர் கொண்டுவருபவனின் குடும்பக் கதை மேசையில் அமர்ந்திருப்பவனின் காதில் விழுகிறது. அவன் அதனைத் தமிழகத்துக் கதையாகவே கேட்கிறான். இச்செவிட்டுத்தன்மை இன்று தோன்றியதன்று. 1970களின் கொழும்புப் பொப் இசையை நினைவுகூர்வோம். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பைலாவின் துள்ளலை யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியோடு சேர்த்து, தென்னிந்தியத் திரையிசையின் ஏகபோகத்துக்கு எதிராக எமக்கென ஒரு கேளிக்கை மொழியை உருவாக்கினர். ‘சுராங்கனி’ பாக்கு நீரிணையைக் கடந்து, 1977இல் இளையராஜாவின் இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற படத்திலும் இடம்பெற்றது. அவ்விசையின் சமூக முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் கள்ளும் மாமியும் மீனும் வந்த அப்பாடல்களில் கொழுந்துக் கூடை வந்ததாக எமக்கு நினைவில்லை. ஒப்பாரிக் கோச்சி ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை.

மலையகம் தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டிருந்தது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார். 1940இல் அவருடைய பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பெயரில் அச்சேறின. அன்று மக்கள் வாயில் வழங்கிய மெட்டுகளிலே தொழிலாளரின் உரிமைக் குறைவையும் அரசின் பாரபட்சத்தையும் பொருத்திப் பாடினார். சந்தை பரப்பிய மெட்டைத் தொழிலாளர் கூட்டத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். 2021இல் நிகழ்ந்தது இதன் மறுதலை: தொழிலாளர் வீட்டு ஒப்பாரி சந்தைக்குச் சென்றது. இரண்டாவது பயணத்தை மட்டும் ‘பண்டமயமாதல்’ என்று ஒதுக்கிவிட்டு முதலாவதைப் ‘பிரசாரம்’ என்று ஒதுக்கிய எமது இலக்கிய வரலாறு, இரு பக்கத்தாலும் அந்த மக்களின் குரலைத் தவறவிட்டது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் திரட்டாது விட்டிருப்பின் எம் கையில் எஞ்சியிருப்பது மிகச் சொற்பமே.

பாடலின் பின்வரலாறும் அதன் பொருளோடு சேர்ந்துவிட்டது. 2021 ஓகஸ்டில் ‘றோலிங் ஸ்ரோன்’ இதழின் இந்தியப் பதிப்பு தன் அட்டையில் தீயையும், யாழ்ப்பாணத்திற் பிறந்து ரொறன்ரோவில் வாழும் ஷான் வின்சென்ட் டி போலையும் இட்டது. பாட்டை எழுதிய அறிவு அட்டையில் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதனைக் கண்டித்த பின்னரே அறிவுக்கென இணையப் பதிப்பின் அட்டையொன்று வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாடலைப் பாடினர். அப்போதும் அறிவு மேடையில் இல்லை. சில நாட்களில் அறிவு இப்பாட்டை ஆக்கி, எழுதி, பாடியவர் தாமே என அறிவித்தார். சந்தோஷ் நாராயணனோ இது மூவரின் கூட்டு முயற்சி எனப் பதிலளித்து ஒவ்வொருவரின் பங்கையும் விளக்கினார்.

இவ்விவாதத்தில் பலர் எடுத்த நிலைப்பாடு ஒன்று மேலோட்டத்தில் முற்போக்கானதாகத் தோன்றும்: நாட்டார் பாடலுக்கு ஆசிரியன் இல்லை, அது கூட்டுப் படைப்பு, ஆகவே தனிமனித உரிமை கோருவது முதலாளித்துவ மனப்பான்மை என்பது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. கூட்டுப் படைப்பு என்பது கூட்டு உடைமை நிலவிய சமூகத்துக்குரிய நிலை. ஒலிப்பதிவின் உரிமை ஒப்பந்தத்தாற் கட்டப்பட்டு, ஒவ்வொரு கேட்பும் எண்ணப்பட்டு விற்கப்படும் ஒரு சமூகத்தில் ‘இது எல்லோருடையதும்’ என்னும் வாசகம் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கே இலாபமாய் முடியும். பெயரற்றவராகவே வைக்கப்பட்ட சமூகமொன்றிலிருந்து வந்த கலைஞன் தன் பெயரைச் சொல்லுமாறு கேட்பது தனிமனிதவாதம் அன்று. அவன் பாட்டின் தொடக்கத்திலேயே தன்னை வள்ளியம்மாளின் பேரனாக அறிமுகப்படுத்திக்கொள்கிறான். தன் பெயரோடு இன்னொரு பெயரையும் ஏற்றுகிறான். எமது நாட்டார் பாடற்றொகுதிகளைப் புரட்டிப் பாருங்கள்: பாடல் உண்டு, வகை உண்டு, சிலவேளை ஊர் உண்டு, பாடியவள் பெயர் பெரும்பாலும் இல்லை. விஞ்ஞானபூர்வமான சேகரிப்பு என்று நாம் போற்றிய முறையே இவ்வாறிருக்க, ஓர் இதழின் அட்டையை மட்டும் குற்றஞ்சாட்டுவது முறையாகுமா?

இதனால் மாரியம்மாளையோ தீயையோ குறைகூற வேண்டுமென்பதில்லை. அன்று மேடையில் நின்ற மூத்த நாட்டார் பாடகியும் நெடுங்காலம் உரிய மதிப்புப் பெறாதவர்தான். ஒருவரின் இடத்தில் இன்னொருவரை நிறுத்தி, இருவரையும் எதிரெதிராக வைப்பது கூலிச் சந்தை நன்கறிந்த உத்தி.

2024 மார்ச்சில், பாடல் வெளியாகி மூன்றாண்டு நிறைந்த வேளையில், அப்பாடலின் வருமானத்திலிருந்து தமக்கோ அறிவுக்கோ தீக்கோ ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகக் கூறினார். அதற்குள் பாட்டு பல கோடித் தடவை கேட்கப்பட்டிருந்தது. ஆசிரியர் யார் என மூவரும் முரண்பட்ட விவாதத்தின் அடியில், மூவரும் கூலிபெறாத உழைப்பாளராயிருந்தனர் என்பது இக்கூற்றின் பொருள். தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. தொழிலாளி பெற்றதாகச் சொல்லப்பட்ட முற்பணம் அத்துண்டில் எழுதப்பட்டது. கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்கு அத்துண்டோடு அவன் கைமாறினான். கணக்கைக் கங்காணி வைத்திருந்தான். தொழிலாளி அதனைப் பார்த்ததில்லை. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வசதியான ஒலிப்பதிவுக் கூடத்தில் பணியாற்றும் இசையமைப்பாளரை லயத்தில் வாழ்ந்த தொழிலாளியோடு ஒப்பிடுவது பொருந்தாது. பட்டினி இருவருக்கும் பொதுவன்று. கணக்கேடு யார் கையில் இருந்தது என்ற அளவிலேயே ஒப்புமை நிற்கிறது.

மார்ச் 5இன் வர்த்தமானிக்கு என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோட்டக் கொம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன. ஆயிரம் ரூபாய் கிடைத்த இடங்களிலும் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டதாகவும், வேலைநாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. அதைப் பற்றி அறிவோ வேறெவரோ பாடிய பாட்டு எதுவும் காலி வீதியில் ஒலித்து நாம் கேட்டதில்லை.